தைலம் தேய்த்துப் படுக்கிற தலைவலி அல்ல இது

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணுடன் பலகாரம் வரும், புதுச் சேலை வரும். தாய்-சேய் நல அட்டை மட்டும் சில வேளை மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடும். ஆறு மாதமாக அவள் இரத்த அழுத்தம் எப்படி இருந்தது, இரத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. திசையன்விளைக்கு வந்து சேரும் பிள்ளைத்தாய்ச்சி முதலில் செய்ய வேண்டியது, தாய்வீட்டுப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துத் தன் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைச் சொல்வதுதான். ஊர் மாறினாலும் எண் மாறாது. செவிலியர் மாறும் இந்த வாரங்களில்தான் பலருக்குப் பரிசோதனை விட்டுப்போகிறது. கர்ப்பகால இரத்த அழுத்தம் தலைதூக்குவதும் பெரும்பாலும் இதே கடைசி மாதங்களில்தான்.

"யம்மா, தலை விண்ணு விண்ணுனு தெறிக்கு."

"பனியா இருக்கும் மக்கா. தைலத்தத் தேச்சிட்டுப் படு."

அம்மா சொன்னது பாசத்தில்தான். ஆனால் ஏழாம் மாதத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறத்தல், நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழோ வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றைக்கே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கால் வீக்கம் பலருக்கும் வரும். முகத்தில் வீக்கம் வந்தால் அதை "பிள்ளை உண்டானா வீங்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடக் கூடாது. 140/90 இருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 160/110 அவசரம், உடனே கிளம்ப வேண்டியது. இதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். ஊரில் ஜன்னி என்பார்கள். வலிப்பு வந்தவளின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். இதற்கென்றே மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடியும்.

திசையன்விளையில் தூரம் பெரிய விஷயம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இட்டமொழி, நாங்குநேரி வழியாகப் போனால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நாகர்கோவிலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். எப்படிப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுக் கிளம்பினால், சிகிச்சை கிடைப்பதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

இரத்தப்போக்குக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது. கர்ப்பத்தில் வலியே இல்லாமல் இரத்தம் போனால் நஞ்சு கீழே இறங்கியிருக்கலாம். வயிறு கல்லாக இறுகி, வலியோடு போனால் நஞ்சு பிரிந்திருக்கலாம். கொஞ்சம்தானே என்று காத்திருக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் அது "அழுக்கு ரத்தம் போகுது" என்று விடக்கூடியதல்ல. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த ஒரு இளம் தாய் இரத்தப்போக்கில் இறந்துபோனார். அவர் படித்தவர், நகரத்தில் வாழ்ந்தவர். ஆஸ்பத்திரியில் சாதாரணமாகப் போடுகிற ஆக்சிடோசின் ஊசி வீட்டில் இருக்காது. எத்தனை காணொளி பார்த்தாலும் அந்தக் குறை தீராது.

பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திராமல் புறப்படுங்கள். எத்தனை மணிக்கு உடைந்தது, தண்ணீர் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ வாடையோடோ இருந்தால் இன்னும் அவசரம். வலி வந்தால் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். சூட்டுவலி என்றால் படுத்தால் தணியும், விட்டு விட்டு ஒழுங்கில்லாமல் வரும். உண்மையான வலி முதுகில் தொடங்கி முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், படுத்தாலும் நிற்காது. ஆனால் 37 வாரம் முடியாதவளுக்கு இந்தக் கஷாயச் சோதனையே வேண்டாம். குறைமாதத்தில் வலி கண்டால் குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போடுவார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் கவனம் தேவை. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்துக் கவனியுங்கள். அப்போதும் அசைவு குறைவாகவே இருந்தால் உடனே கிளம்புங்கள்.

தேரிக்காட்டுப் பனையும் கருப்பட்டியும் இந்த ஊரின் பெருமை. அதனாலேயே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு உள்ளவளுக்குக் "கருப்பட்டிதானே, சீனியில்லையே" என்று காப்பி போட்டுக் கொடுப்பது தவறு. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் இரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறைக்குப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள். இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது. மலம் கருத்துப்போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்த வேண்டாம்.

இனி, ஆண்கள் ஊரில் இல்லாததால் வரும் தாமதம். இந்தப் பகுதி ஆண்களில் பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் வேலை செய்கிறவர்கள். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெளம்புவோம்" என்று போன் அடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. சுயநினைவுள்ள, வயதுவந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். கணவர் கையெழுத்துக்காக அறுவை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளியின் சம்மதமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே இலவசம். யாராவது பணம் கேட்டால் 104-இலும், முதல்வரின் உதவி மையமான 1100-இலும் புகார் சொல்லலாம். உயிர் காக்கும் அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிந்துரைக் கடிதத்தையும், அதுவரை போட்ட ஊசி, மருந்து விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. காசு வாங்கிய தனியார் மருத்துவமனை கவனக்குறைவாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

அரசு தரப்பில் தவறு நடந்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூரில், இரத்தசோகைக்காக அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய கொடுமை நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இழந்ததற்கு அது ஈடல்ல. ஆனாலும் வழக்குப் போட்டதால்தான் அந்தப் பொறுப்பாவது நிலைநாட்டப்பட்டது.

உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அட்டையில் கடைசியாக எழுதியிருக்கும் இரத்த அழுத்தத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கூட வரப்போகும் பெண் யார், இரவில் வண்டி யாருடையது, எந்த ஆஸ்பத்திரி என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். மேலே சொன்ன அறிகுறி ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.