காலி வீதிக்கு வராத குடல்

பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் சேவல் கூவுவதில்லை. குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்த புரொய்லர்தான் காலி வீதிக் கடைகளின் குளிர்பெட்டியில் கிடக்கும். ஈரல்கூட வாங்கலாம். குடல் மட்டும் வராது. ஆனால் பண்ணைக்காரருக்கு நட்டம் தொடங்குவது அந்தக் குடலில்.

நோயின் பெயர் நெக்ரொட்டிக் என்ரறைற்றிஸ். குடற்சுவர் செத்து உரிகிற நோய். 1961இல் இங்கிலாந்தில் பரிஷ் என்பவர் இதை முதலில் விவரித்தார். இரண்டிலிருந்து ஆறு வாரக் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கும். சில மணி நேரத்தில் செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் காற்றேறி ஊதியிருக்கும்; உட்புறம் சொரசொரவென்று பழைய குளியல் துவாய் மாதிரி.

குற்றவாளி குளொஸ்ரீடியம் பேர்பிரிஞ்சென்ஸ் என்ற பற்றீரியா. விசித்திரம் என்னவென்றால், நல்ல சுகத்தோடு திரியும் கோழியின் குடலிலும் அது இருக்கிறது. ஆய்வுகூடத்தில் அதை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் நோயே வராது. வேறொருவர் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது அனேகமாக எய்மேரியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி. அது குடலின் உட்தோலைக் கிழிக்க, இரத்தத்தின் புரதம் கசிகிறது. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே செய்துகொள்ளத் தெரியாத இந்தப் பற்றீரியாவுக்கு அது விருந்து. தீனியில் மீன்தூள் கூடினாலும் அதே விருந்துதான். கோதுமையும் பார்லியும் குடலில் பசையாகி இரையைத் தாமதப்படுத்தும். பிறகென்ன, பற்றீரியா பத்து நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும். குடற்கலங்களில் துளையிடும் அதன் நஞ்சை, நெற்-பி என்று பெயரிட்டு, 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

தீனியில் சிறிதளவு அன்ரிபயோட்டிக் கலந்துகொண்டிருந்த காலத்தில் இந்நோய் பதுங்கியே இருந்தது. வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை 1986இல் சுவீடனும் 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் நிறுத்தின. தடை சரியானதுதான் என்பது என் கட்சி. ஆனால் குடல்நோய் மறுபடி தலைதூக்கியதையும் மறைக்க முடியாது.

இதே பற்றீரியாவின் இன்னொரு கிளை, வேறொரு நஞ்சோடு, பம்பலப்பிட்டிக்கும் வருகிறது. கலியாண வீட்டுப் பெரிய சட்டியில் கொதித்த கோழிக்கறியிலும் அதன் வித்திகள் சாவதில்லை. மூடிவைத்த கறி இரவு முழுக்க மெல்ல ஆறும்போது அவை முளைக்கும். மறுநாள் கறியில் மணமோ ருசியோ மாறியிராது. சரியாகச் சூடாக்காமல் சாப்பிட்டவர்களுக்கு ஆறு மணி நேரம் கழித்தோ, இரவிலோ வயிறு முறுக்கத் தொடங்கும்.