எலும்பு மருந்தை எப்போது நிறுத்தலாம்?

மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. எலும்பில் இரண்டு வேலைகள் எந்நேரமும் நடக்கும்: ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாகக் கட்டும். கரைக்கும் செல்களை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் கரைப்பது கூடி, கட்டுவது பின்தங்கிவிடுகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது எலும்புப்புரை. கால்சியம் மாத்திரை மட்டும் போட்டு இதைச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பது தவறு.

முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து. தண்ணீர்க் குழாயில் உப்பு படியாமல் தடுக்கப் பயன்பட்ட பாஸ்பேட் சேர்மங்களின் உறவுக்காரர் இது. சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷ் 1960களில் செய்த ஆய்வுகள் இதற்கு வழி திறந்தன. 1995இல் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது.

வாரம் ஒரு மாத்திரைதான், ஆனால் படுத்தும் மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். விழுங்கியதில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் சேர்வதில்லை. காபியோடு போட்டால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீண். காலையில் கண் விழித்ததும் காபி வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் உண்டு. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் அது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது.

பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். அதனால்தான் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, முறிவு ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு டாக்டர்கள் கொஞ்ச காலம் 'லீவு' கொடுக்கிறார்கள். நெடுங்காலம் தொடர்ந்தால் அபூர்வமாகத் தாடை எலும்பு அழுகலோ தொடை எலும்பில் விசித்திரமான முறிவோ வரலாம். பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொடையிலோ கவட்டிலோ விடாத வலி இருந்தால் அலட்சியம் கூடாது. ஆனால் இந்த அபூர்வங்களுக்குப் பயந்து மருந்தையே தொடாமல் இருப்பவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

டெனோசுமாப் விஷயம் நேரெதிர். கரைக்கும் செல்கள் உருவாகக் கட்டளையிடும் 'ரேங்க் லிகண்ட்' என்ற புரதத்தைப் பிடித்து முடக்கும் ஊசி இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2009இல் வந்த மூன்றாண்டு ஆய்வில், மருந்து பெறாதவர்களில் 7.2 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. ஊசி போட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்குத்தான். நல்ல மருந்துதான். ஆனால் எலும்பில் எதையும் விட்டுவைக்காமல் போய்விடும். ஊசியின் வேகம் அடங்கியதும், அதுவரை முடங்கியிருந்த கரைப்பு வேலை முன்னைவிட மும்முரமாகக் கிளம்பும். சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள் நொறுங்குகின்றன. இதை ஊசி போடும் அன்றே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்; பல இடங்களில் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எலும்பைக் கட்டும் மருந்துகளும் உண்டு: தினமும் போடும் டெரிபாரடைடு, மாதமொரு முறை ஓராண்டுக்குப் போடும் ரோமோசோசுமாப். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ரோமோசோசுமாப் கூடாது. இரண்டையும் முடித்த கையோடு கரைப்பைத் தடுக்கும் மருந்துக்கு மாறாவிட்டால் கட்டியது கைவிட்டுப் போகும்.

வீட்டில் யாராவது டெனோசுமாப் போட்டுக்கொண்டால் அடுத்த ஊசித் தேதியை இன்றே குறித்து வையுங்கள். ஏழாவது மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். செலவோ பயணமோ காரணமாக நிறுத்த நேர்ந்தால், தேதி வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய் மாற்று மருந்து கேளுங்கள்.