உழவு இயந்திரப் பெட்டியின் அச்சை இனங்காணல்

சுன்னாகம், கொடிகாமம் முதலிய சந்தைகளுக்கு மரக்கறியும், வயலிலிருந்து நெல்மூடைகளும் ஏற்றிவரும் பெட்டியின் பாரத்தைத் தாங்குவது அச்சாகும். பொருந்தாத அச்சை வாங்கும் கமக்காரர் பணத்தை இழப்பதுடன், அறுவடைக் காலத்திற் பெட்டியின்றியும் நிற்க நேரும்.

வெறும் பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அணைத்தபின் கீழே நோக்குக.

1. நேர் அச்சு: இரு சில்லுகளுக்குமிடையே ஒரே மட்டத்திற் செல்லும்.

2. தாழ் அச்சு: நடுப்பகுதி தாழ்ந்து, சில்லுப் பூட்டும் முனைகள் உயர்ந்திருக்கும். பெட்டி தாழ்ந்து நிற்பதால் ஏற்றியிறக்கல் எளிது.

3. முறுக்கு அச்சு: வில்லுத்தகடுகள் இரா. குழாயினுள் உள்ள இறப்பர் அதிர்ச்சியைத் தாங்கும். சில்லுகள் முனைகளிலுள்ள குறுங்கைகளிற் பூட்டப்பட்டிருக்கும்.

வில்லுத்தகடு இல்லாமையைக் கொண்டே முறுக்கு அச்செனத் துணியலாகாது. சிறிய பெட்டிகளில் நேர் அச்சும் வில்லின்றிச் சட்டத்தோடு பூட்டப்படுவதுண்டு. குறுங்கையே அடையாளம்.

மிகைப் பாரத்தால் வளைந்த நேர் அச்சைத் தாழ் அச்செனக் கொள்ளற்க. அதன் நடு சிறிது சிறிதாகத் தொய்ந்து, சில்லுகளின் மேற்பகுதி உட்சாய்ந்திருக்கும். அத்தகைய அச்சில் மேலும் பாரமேற்றல் ஆபத்தாகும்.

இனம் அறிந்தபின் அச்சின் நீளம், பருமன், வில்லுகளுக்கிடையேயுள்ள தூரம், பேரிங்கிற் பொறித்துள்ள இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுதல் நன்று.