சுமைதாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கல்

இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. விறகுக்கட்டோடு வருகிறவர் குனிய வேண்டாம், கைகொடுக்க ஆளைத் தேட வேண்டாம். கட்டை அதன்மேல் சாய்த்துவிட்டு இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கட்டும் என்ற எண்ணம். சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். பிள்ளைப்பேற்றில் சாவது அன்று அன்றாடச் செய்தி. ஆனாலும், ‘எங்கும் நடப்பதுதானே, இதற்கு எதற்குக் கல்?’ என்று ஊர் கேட்கவில்லை. வெடிவிபத்தும் அன்றாடச் செய்தியாகிவிட்ட சிவகாசி வட்டாரச் சாலைகளுக்கு அப்படியொரு கல் வேண்டும் என்பதே என் வாதம்.

நினைவுச் சின்னம் வைக்கத் தெரியாத மாவட்டம் அல்ல இது. விருதுநகரில் காமராஜர் வளர்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட 12 கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 முதல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாருக்கு, தாமதமாக 2015-இல் என்றாலும், மணிமண்டபம் எழுந்துவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையைச் சிவகாசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொழிலைக் கொண்டுவந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து வளர்ந்த பட்டாசுத் தொழிலில் மருந்து கலந்து, திரி வைத்து, கருகியவர்கள் மட்டும் ‘பலி’ என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தின் எண் 38. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் என்று அவர்களை ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் காப்பாற்றப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிறருக்காகப் போய்த் திரும்பாதவர்களுக்குத் தமிழில் பழைய மரியாதை ஒன்று உண்டு, நடுகல். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை அதற்கான படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழிப் பொறிப்புள்ள நடுகல் ஆகோள் பூசலில் விழுந்தவனுடையது. மன்னனுக்கல்ல, மாட்டுப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

தொழிலுக்குக் கெட்ட பெயர் வரும், மானாவாரிக் கரிசலில் பிழைப்பு தரும் ஒரே வேலையையும் கெடுக்காதீர்கள் என்பார்கள். பிழைப்பு உண்மை, அச்சம் உண்மையல்ல. ஒவ்வொரு விபத்தும் அன்று மாலையே தொலைக்காட்சியில் வந்துவிடுகிறது, கல் புதிதாக எதையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ‘உராய்வினால் தீ’ என்று செய்தி முடிந்துவிடும் இடத்தில், என்ன வேலை நடந்தது, ஆலை உள்குத்தகையில் ஓடியதா என்பதையும் விசாரணையில் தெரிந்த அளவுக்குக் கல் சொல்லலாம். கல்லுக்குச் செலவிடும் காசை நிவாரணமாகக் கொடுக்கலாமே என்பது இன்னொரு பேச்சு. நிவாரணம் வீட்டுக்குப் போவது, கல் சாலைக்கு. ஒரு கல்லின் விலையால் எந்த நிவாரணமும் குறையாது. நான் தயங்குவது வேறு இரண்டு இடங்களில். பெயரைச் சாலையில் வைக்க வேண்டாம் என்று குடும்பம் சொன்னால் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட வேண்டும், மறுபேச்சே கூடாது. அடுத்தது சாதி. சிலைகளுக்கு இரும்புக் கூண்டு போடும் தென்மாவட்டத்தில் நினைவுக்கல்லும் ஒரு தெருவின் சொத்தாகிவிடலாம். பட்டப்பெயர் இல்லாமல் அகரவரிசையில் எழுதினால் இந்த ஆபத்து பாதியாவது குறையும்.

நியூயார்க்கில் 1911-இல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே அவர்கள் பெயர்களை எஃகுத் தகட்டில் வெட்டிப் பதித்தது 2023-இல்தான். மேலே இருக்கும் பெயர்கள் கீழே ஒரு கறுப்புப் பலகையில் தெரிகின்றன; நிமிராமலே படிக்கலாம். நமக்கு எஃகும் வேண்டாம், 112 ஆண்டும் வேண்டாம். விடிகாலையில் வெடி ஆபீஸ் வேனுக்கு ஆட்கள் காத்துநிற்கும் விலக்கில் ஒரு கல்: தேதி, ஊர், பெயர், வயது, பார்த்த வேலை. உச்சியில் மட்டும் ஒரு பலகைக்கல்லைக் கிடத்திவிட வேண்டும், வேன் வரும்வரை தூக்குவாளியை வைக்க.