மொய் நோட்டும் மாலைப் பசியும்

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடியைத் தாண்டிப் போனால் வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரம். ஆடி பிறந்ததும் அங்கே மொய் விருந்துப் பந்தல்கள் எழுந்துவிடும். யார் வீட்டில் என்றைக்கு, யார் யார் கூட்டுச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அழைப்பிதழில் முன்பே அச்சாகியிருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் மொய்யாக வைத்த பணம் ரூபாய் விடாமல் நோட்டில் ஏறும். பெரும்பாலும் நாலைந்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு நாளுக்கு இன்றைக்கே கணக்கு வைப்பவர்கள், நாளை சாயங்காலம் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். பசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாமே! எடையைக் குறைக்க நினைப்பவர் சறுக்கும் இடம் அதுதான். நாம் திட்டம் போடாவிட்டாலும் உடம்பு போட்டு வைத்திருக்கிறது.

1999இல் கோஜிமா, கங்காவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் ஒரு ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். அதன் பெயர் கிரெலின். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் சியாட்டிலில் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர், சிலரிடம் நாள் முழுக்க அடிக்கடி இரத்தம் எடுத்து அந்த ஹார்மோனை அளந்தார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் சற்று முன்னால் கிரெலின் ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது, சாப்பிட்டதும் இறங்கியது. தட்டு வருவதற்கு முன்பே வயிறு தயாராகிவிடுகிறது. தினமும் நாலரை மணிக்கு டீயும் வடையும் சாப்பிட்டுப் பழகியவருக்கு நாலேகாலுக்கே வயிறு கேட்பது இதனால்தான். அந்தப் பசி பொய்யில்லை. ஆனால் உடம்பில் சக்தி தீர்ந்துபோனதால் வந்ததும் இல்லை.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது இன்னொரு அளவீடு. பட்டினி இருந்தவர்களிடம் பார்த்தபோதும், வழக்கமான சாப்பாட்டு நேரங்களில் கிரெலின் ஏறியது. பிறகு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், தானாகவே இறங்கியது. ‘பசி நேரம் கடந்தால் பசி போய்விடும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வெறும் சமாதானம் இல்லை. (சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சாப்பாட்டில் எந்த மாற்றத்தையும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.)

எடை குறையத் தொடங்கியதும் உடம்பு தன் பக்கத்துக் காயை நகர்த்தும். கம்மிங்ஸ் குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதம் சாப்பாட்டைக் குறைத்து எடை இழந்தவர்களுக்கு நாள் முழுவதுமான கிரெலின் அளவு 24 சதவீதம் கூடியிருந்தது. அது எத்தனை நாளைக்கு? ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்து அழைத்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்களும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்களும் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பும் ஒரு மொய் நோட்டு வைத்திருக்கிறது; இழந்த கொழுப்பை வரவேண்டிய பாக்கி என்று எழுதி வைத்துவிடுகிறது. குறைந்த எடை மறுபடி ஏறிவிட்டால் ‘மன உறுதி போதாது’ என்று ஏசுகிறவர்கள் இந்த நோட்டைப் பார்த்ததில்லை.

ஆகவே பசியோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பதைவிட, அது வருவதற்கு முன்பே முடிவை எடுத்து வைப்பது மேல். 1998இல் ரீட், வான் லேவன் என்ற இருவர் ஆம்ஸ்டர்டாமில் அலுவலக ஊழியர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த வாரம் தரப்போகும் நொறுக்குத் தீனி எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது, பாதிப் பேர் அளவுக்குப் பழம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துத் தீனியோடு போய் நின்று, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றதும், பழம் கேட்டவர்களில் பலர் சாக்லேட் பக்கம் சாய்ந்தார்கள். கேள்வி கேட்ட நேரத்தில் பசியோடு இருந்தவர்கள், அடுத்த வாரத்துக்கும் சேர்த்தே இனிப்பையும் வறுவலையும் அதிகம் கேட்டிருந்தார்கள். பசித்தவர் போடும் திட்டமும் பசிக்குச் சாதகமாகத்தான் இருக்கும். மளிகைச் சாமான் பட்டியலைச் சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுங்கள்.

திட்டத்தை எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதைத் துருவிப் பார்த்தார். ‘இனி எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பேன்’ என்ற தீர்மானம் காற்றில் போய்விடுகிறது. ‘பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையைக் கண்டால், சர்க்கரை இல்லாத டீ மட்டும் சொல்வேன்’ என்று இடத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டால் நிறைவேறும் வாய்ப்பு கூடுகிறது. அந்த இடம் கண்ணில் பட்டதும், யோசிக்காமலே செயல் நினைவுக்கு வருகிறது.

மொய் விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போய்விட்டு ஆட்டுக்கறிக் குழம்பை வேடிக்கை பார்ப்பதும் நடக்காத காரியம். தேதிதான் முன்பே தெரியுமே. அன்றைக்குச் சாப்பிடுங்கள். மறுநாள் காலைக்கு மட்டும் முதல் நாளே ஒரு ஏற்பாடு வேண்டும். மறுநாள் எடை மிஷினில் ஏறி ஒன்றரைக் கிலோ கூடியதைப் பார்த்து, எல்லாம் போயிற்று என்று கைவிடுகிறவர்கள் பலர். ஒரு கிலோ கொழுப்புக்குள் கிட்டத்தட்ட 7,700 கலோரி இருக்கிறது. ஒரு பந்தியில் அவ்வளவு ஏறாது. கூடியதில் பெரும்பகுதி, உப்பும் சோறும் உடம்பில் பிடித்து வைத்த தண்ணீர். சில நாளில் போய்விடும். மிஷினைவிடத் தையல்காரர் டேப் நிதானமானது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டக்கூடாது என்பது மருத்துவர்களின் கணக்கு.

உடற்பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றது நாடறிந்த கதை. அந்தச் சைக்கிள்களின் இடத்தில் இன்று ஸ்கூட்டி நிற்கிறது. திரும்ப மிதிக்கலாம், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் ஒரு மணி நேர நடையில் செலவாகும் 200, 250 கலோரியை இரண்டு உளுந்து வடை ஐந்து நிமிடத்தில் ஈடுகட்டிவிடும். எடை பெரும்பாலும் அடுப்படியில்தான் தீர்மானமாகிறது.

அடுப்படிக்கு உதவி பக்கத்திலேயே இருக்கிறது. திருவரங்குளம் ஒன்றியத்து வம்பனில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி வளரும் ‘வம்பன்’ உளுந்து ரகங்களை விவசாயிகள் நன்கு அறிவார்கள். பச்சைப் பயறிலோ உளுந்திலோ நூறு கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம். அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். நார்ச்சத்தும் கூடவே இருப்பதால் பயறு மெதுவாகச் செரிக்கும், வயிறு நெடுநேரம் தாங்கும். வடையாகப் பொரிக்காதவரை, அவ்வளவுதான்.

முழுப் பயறுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோல் கெட்டியானது, சில மணி நேரமாவது ஊறாமல் சீக்கிரம் பதமாக வேகாது. பசி வந்த பிறகு பயறைத் தேடினால் கதைக்கு ஆகாது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த கையோடு ஒரு கிண்ணம் தட்டைப் பயறைத் தண்ணீரில் போட்டவர், நாளைய நாலரை மணிக்கான முடிவை வயிறு நிறைந்திருக்கும்போதே எடுத்துவிட்டார். காலையில் வேகவைத்துத் தாளித்தால் சாயங்காலம் சுண்டல் தயார். ஊறப்போட மறந்துவிட்ட நாளுக்கும் ஒரு மாற்று வேண்டும்: இரண்டு அவித்த முட்டை, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. நிலக்கடலை என்றால் கைப்பிடியோடு டப்பாவை மூடிவிடுங்கள். நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது. பேச்சுவாக்கில் கொறிப்பவருக்குக் கணக்கு நிற்காது.