வெறுங்கால் வீரர் முஹம்மது ஸலீம்

இளம்பிள்ளையின் தறித் தெருக்களில் வெறுங்காலுடன் பந்து உதைக்கும் நம் சிறுவர்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு: முஹம்மது ஸலீம்.

1934ஆம் ஆண்டு, கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி என்னும் பெருமையை முஹம்மடன் ஸ்போர்ட்டிங் பெற்றது. அவ்வணியின் முன்வரிசையில் ஓரத்தில் நின்று ஆடியவர் ஸலீம். 1936இல் ஸ்காட்லாந்து சென்ற அவர், புகழ்பெற்ற செல்டிக் கழகத்தில் வாய்ப்புப் பெற்றார். காலணி அணியாமல், பாதங்களில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டே களமிறங்கினார். கால்ஸ்டன் அணிக்கெதிரான அந்த ஆட்டத்தில் செல்டிக் 7–1 என வென்றது. ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என அவர் போற்றப்படுகிறார்.

ஆயினும், தாயக ஏக்கம் மேலிட விரைவிலேயே ஊர் திரும்பினார். காலணி இன்மை குறையன்று; வாய்ப்பைத் தேடிச் செல்லத் துணியாமையே குறை.