பாதிரியாரின் பர்சனல் டைரி!

ஜனவரி ஒண்ணாம் தேதி ஆசை ஆசையா டைரி எழுத ஆரம்பிச்சு, பொங்கல் லீவுக்குள்ள மூடி வெச்ச கோஷ்டியா நீங்க? அப்ப இந்த மனுஷரைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும் பாஸ்!

பேர், ஃபிரான்சிஸ் கில்வர்ட். 1840-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1865-லிருந்து 1872 வரை வேல்ஸில் கிளைரோ என்கிற குட்டி கிராமத்து சர்ச்சில் உதவிப் போதகர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மத்த நாள்ல வீடு வீடா நடை. இதுதான் வேலை. நமக்குக் கிடைச்சிருக்கிற அவரோட டைரி 1870-ல் ஆரம்பிக்குது. 'பாதிரியார் டைரியா? பக்கத்துக்குப் பக்கம் அட்வைஸ் இருக்குமே'ன்னு ஓடிடாதீங்க. அங்கதான் ட்விஸ்ட்!

ஐஸ் குளியல்!

1870 கிறிஸ்துமஸ் காலை. செம குளிர். குளியல் தொட்டித் தண்ணி உறைஞ்சு கிடக்கு. மனுஷர் உட்கார்ந்ததும் ஐஸ் நடுவில் உடையுது. தொட்டி ஓரமெல்லாம் கூர் கூரா ஐஸ் நீட்டிக்கிட்டு நிக்குது. பண்டிகை நாளாச்சேன்னு தத்துவம் பேசாம, இந்த அவஸ்தையை அப்படியே எழுதி வெச்சிருக்கார். நெப்போலியன் படையோட மோதின ஒரு வயசான சிப்பாய்கிட்ட போர்க் கதை கேட்டது, அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக் கொடுத்தது... எல்லாமே டைரியில் இருக்கு.

காதலும் உண்டு. 1871 செப்டம்பரில் டெய்சி என்கிற பெண் மேல காதல். நேரா அவங்க அப்பாகிட்டயே போய்ப் பேசிட்டார். அந்த அப்பாவும் பாதிரியார்தான். ஆனா, மாப்பிள்ளைக்குப் பெரிய வருமானம் இல்லையே! பதில், 'நோ'. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்றவர், தன் வலியைச் சொல்ல டைரியைத்தான் தேடினார்.

நெருப்புக்குப் போன நோட்டுகள்

1879 ஆகஸ்ட் 20-ம் தேதி கில்வர்டுக்குக் கல்யாணம், வேற ஒரு பெண்ணோட. செப்டம்பர் 23-ம் தேதி வயிற்று உறை அழற்சியில் மரணம். வயசு 38. டைரியின் சில பகுதிகளை மனைவியே அழிச்சிட்டதா நம்பப்படுது. மிச்சமிருந்த 22 நோட்டுகள் 1937-ல் எழுத்தாளர் வில்லியம் ப்ளோமர் கைக்கு வந்துச்சு. அதில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, 1938-லிருந்து 1940-க்குள் மூணு தொகுதிகளா வெளியிட்டார். அப்புறம் நோட்டுகள் ஒரு உறவுக்காரப் பெண்கிட்ட திரும்பப் போக, அவங்க பெரும்பாலானதை அழிச்சிட்டாங்க. இன்னிக்கு மிச்சம்... மூணே மூணு நோட்டு!

அழிச்சவங்களை வில்லி ஆக்கிட வேணாம். செத்துப்போனவர் மனசு விட்டு எழுதினதை ஊரே படிக்கணுமான்னு அவங்க யோசிச்சிருக்கலாம். ஆனா, கிளைரோவில் பேர் தெரியாம வாழ்ந்த எத்தனையோ பேரோட ஒரே சாட்சியும் அந்த நோட்டுகளோட போயிடுச்சே! எது நியாயம்? உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

ஒண்ணு மட்டும் நிச்சயம் ஃப்ரெண்ட்ஸ். கில்வர்ட் பிஷப் ஆகலை, பெரிய பிரசங்கியார்னு பேர் வாங்கலை. சாதாரண நாட்களைச் சாதாரணமா எழுதினார், அவ்வளவுதான். இன்னிக்கு மெஸ்ஸில் என்ன சாப்பாடு, பஸ்ஸில் யார் சீட் பிடிச்சுக் கொடுத்தாங்கன்னு நாலு வரி எழுதிப் பாருங்க. யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாதுங்கிறதை மட்டும் முதல் பக்கத்திலேயே எழுதிடுங்க. அந்த முடிவை வேற யார்கிட்டயும் விடாதீங்க!